இங்கே கெட்டிலுக்குள் ஆளையும் போடுவார்கள்

இவிசா, வங்கிக் கணக்கு, தேசியக் காப்பீட்டு எண், ஜிபியிடம் (குடும்ப டாக்டர்) பதிவு எல்லாம் எப்படிச் செய்வதென்று வேலைக்கு எடுத்தவர்களே சொல்லிவிடுவார்கள். பிரிட்டனுக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்ல வந்தது கெட்டில் பற்றி.

வீட்டில் கெட்டில் என்றால் தண்ணீர் கொதிக்க வைப்பது, தெரிந்ததுதான். ஆபீஸில் கம்ப்யூட்டரின் தடித்த பவர் கேபிளுக்கும் கெட்டில் லீட் என்றே பெயர். ஐடி ஆள் அதைக் கேட்டால் பான்ட்ரிக்கு ஓடாதீர்கள். (அந்தக் கேபிள் கெட்டிலில் நுழையவே நுழையாது. கெட்டிலுக்கான, சூடு தாங்கும் கேபிளின் வாயில் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும், இதில் இருக்காது.)

அப்புறம் இன்னொரு கெட்டில். போராட்டக் கூட்டத்தை நாலாபக்கமும் போலீஸ் மறித்து, மணிக்கணக்கில் வெளியே விடாமல் வைத்திருப்பது. என் நண்பரின் ஒரு நாள் சம்பளம் அதில்தான் போனது. மத்திய லண்டனில் மாலை ஷிஃப்டுக்குப் போகிற வழியில் மேளச் சத்தம் கேட்டு, வேடிக்கை பார்க்க நின்றார். திரும்பினால் தெருவின் இரண்டு முனையிலும் மஞ்சள் ஜாக்கெட் போலீஸ். வேலை அடையாள அட்டையை நீட்டினார். மரியாதையாக 'சாரி' என்றார்கள், நகரவில்லை. ஒன்றுக்குப் போகக்கூட வழியில்லை. விட்டபோது ஷிஃப்டே முடிந்திருந்தது. மேனேஜரோ கதை விடுகிறார் என்றே நினைத்தார்.

வழிப்போக்கன் என்று சொல்லித் தப்ப முடியாது. 2001 மே தினத்தன்று ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸில் ஏறக்குறைய 7 மணி நேரம் மாட்டியவர்களில் போராட்டத்தோடு சம்பந்தமே இல்லாதவர்களும் உண்டு. வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2012ல் போலீஸ் பக்கமே தீர்ப்பானது. எனக்கு இன்னும் எரிச்சல்தான். ஆனால் பெயரைக் கொடு, கேமராவுக்கு முகம் காட்டு, அப்போதுதான் விடுவேன் என்று நிபந்தனை போட அந்த மறிப்பு அதிகாரம் தராது என்று 2013ல் உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

போராட்டத்துக்கே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 2009ல் நாடாளுமன்றச் சதுக்கத்தில் நம் தமிழ் மக்கள் வாரக்கணக்கில் போராடி உட்கார்ந்த ஊர் இது. போவதானால் தண்ணீர், மாத்திரை, சார்ஜ் உள்ள போன் கையில் இருக்கட்டும். வேடிக்கை பார்ப்பவரா, வேனிலிருந்து போலீஸ் இறங்கி வரிசை கட்டத் தொடங்கியதுமே பக்கத்துச் சந்தில் நழுவிவிடுங்கள். மாட்டிக்கொண்டால் முன்னால் நிற்கும் கான்ஸ்டபிளிடம் வாதாடிப் பயனில்லை. மேலதிகாரியைக் கூப்பிடச் சொல்லுங்கள். கைக்குழந்தையோ உடம்புக்கு முடியாதவரோ கூட இருந்தால் அதை முதலிலேயே சொல்லுங்கள். உள்ளே நிற்கும்போதே ஒரு போட்டோ எடுத்து மேனேஜருக்கு அனுப்பிவிடுங்கள். நண்பருக்கு அது தோன்றவில்லை.