காணி உறுதி இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

கிளிநொச்சியிலிருந்து வவுனியா நகர்ப்புறத்துக்குக் குடிபெயர வீடு தேடினோம். மன்னார் வீதிப் பக்கம் பிடித்துப்போன வீட்டுக்குத் தரகர் நீட்டியது உறுதியல்ல, அதாவது காணியின் உரிமைப் பத்திரமல்ல. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அரச காணிக்கு வழங்கப்பட்ட உத்தரவுப்பத்திரம். வன்னியில் இத்தகைய காணிகள் ஏராளம். பிரதேச செயலாளரின் சம்மதமின்றி அவற்றைக் கைமாற்ற முடியாது.

"எல்லோரும் இப்படித்தான் எழுதுகிறார்கள், அண்ணை" என்றார் தரகர். எழுதட்டும்!

உறுதிக் காணியில் வேறொரு வீடு பார்த்தோம். முற்பணத்துக்கு முன்பே, உறுதி எழுதும் நொத்தாரிசு காணிப் பதிவகத்தில் உரித்தையும் அடமானத்தையும் தேடினார். நில அளவையாளர் அளந்தபோது பக்கத்து வேலி உள்ளே நகர்ந்திருந்தது தெரிந்தது; அதைச் சரிசெய்த பின்பே கையெழுத்து.

கிணற்றை மாரியில் பார்த்து மயங்காதீர்கள். நாங்கள் ஆவணியில் பார்த்தோம். நீரில் கல்சியம் அதிகம். குடிப்பதற்கு வடிகட்டி வைத்திருக்கிறோம்.