மதுரைக்கு வருகிறீர்களா? கையைக் கடிக்காத ஒயினுக்கு வழி

லண்டனிலும் டொரன்டோவிலும் சூப்பர் மார்க்கெட்டில் எடுக்கும் பிரெஞ்சு ஒயினை மதுரையில் தேட வேண்டாம். இறக்குமதி ஒயினுக்கு இந்தியாவில் நெடுங்காலமாக 150 விழுக்காடு சுங்க வரி, அதற்கு மேல் மாநில வரி. அங்கே மலிவான பாட்டில் இங்கே பல மடங்கு விலைக்கு வந்து நிற்கும். அந்தக் காசில் இந்திய ஒயினில் நல்லதாகவே வாங்கிவிடலாம்.

வெளிநாட்டு ஒயின்தான் வேண்டும் என்றால் பெட்டியில் கொண்டுவருவதே சிக்கனம். ஒருவர் 2 லிட்டர் வரை மது வரியில்லாமல் கொண்டுவரலாம்; 750 மில்லி பாட்டில் இரண்டு அதில் அடங்கும். சென்னையில் இறங்கி மதுரை விமானம் மாறுகிறவர்கள் பாட்டிலைத் துணியில் சுற்றி, கையில் வைத்துக்கொள்ளாமல் செக்-இன் பெட்டியில் போட்டுவிடுங்கள். புதுச்சேரியில் மலிவு என்று வாங்கிக்கொண்டு காரில் வருவது வேண்டாம். சோதனைச் சாவடியில் மாட்டினால் மிச்சம் பிடித்ததைவிடத் தலைவலி பெரிது.

சரி, இங்கேயே வாங்குவது எப்படி? தமிழ்நாட்டில் 2003 முதல் மதுக்கடைகளை நடத்துவது டாஸ்மாக். பகல் 12 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். தெருமுனைக் கடையில் பிராந்தியும் பீரும்தான் ஓடும். ஒயின் கேட்டால் பெரும்பாலும் இனிப்பான போர்ட் வகையைத்தான் நீட்டுவார்கள். விலை குறைவு, ஆனால் சாப்பாட்டோடு ஒட்டாது. நேராக டாஸ்மாக்கின் உயர்தரக் கடையான எலைட் கடைக்குப் போங்கள். அங்கே பாட்டிலை நீங்களே கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கலாம்.

அந்தத் திருப்பிப் பார்ப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சித்திரையில் 40 டிகிரியைத் தொடும் ஊர் இது. வெயிலில் லாரியில் கிடந்த பாட்டில் எவ்வளவு நல்ல பிராண்டாக இருந்தாலும் வீண். கார்க் மேலே எழும்பியிருந்தாலோ, கழுத்தில் கசிந்த கறை இருந்தாலோ விட்டுவிடுங்கள். லேபிளில் தயாரிப்புத் தேதி பாருங்கள்: வெள்ளை ஒயின் என்றால் ஓரிரு வருடத்துக்குள் இருக்க வேண்டும். ஜன்னலோரத்தில் நிற்பதை எடுக்காதீர்கள். திருகு மூடி போட்டதை நான் தயங்காமல் எடுப்பேன். அச்சிட்ட விலையைப் பார்த்துப் பணம் கொடுங்கள், பில்லும் கேளுங்கள்.

நாசிக்கின் சூலா, பெங்களூரு பக்கம் நந்தி மலை அருகே குரோவர் ஜம்பா, சோலாப்பூர் மாவட்டத்து பிராடெல்லி ஆகிய இந்திய ஒயின் பிராண்டுகள் நம்பி வாங்கக்கூடியவை. எதன் விலையுயர்ந்த பாட்டிலும் தேவையில்லை. மதுரைச் சாப்பாட்டுக்கு என் முதல் தேர்வு, லேசான இனிப்புள்ள செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின். கறி தோசை, மட்டன் சுக்கா என்று மிளகும் மிளகாயும் ஏறிய ஊரில், துவர்ப்பு மிகுந்த சிவப்பு ஒயின் நாக்கின் எரிச்சலைக் கூட்டும். நன்றாகக் குளிர்ந்த செனின் பிளாங்க் அதைத் தணிக்கும். அயிரை மீன் குழம்பின் புளிப்புக்கு சோவினியான் பிளாங்க் என்ற இன்னொரு வெள்ளை ஒயின் ஈடுகொடுக்கும். சிவப்புதான் பிடிக்கும் என்றால் ஷிராஸ், காரம் குறைந்த ஆட்டுக்கறியோடு. அதையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். அறை வெப்பத்திலேயே குடிக்க வேண்டும் என்பது குளிர்நாட்டுப் பழக்கம், இங்கே ஒத்துவராது. தனியாகக் குடிப்பவர் 375 மில்லி கிடைக்கிறதா என்று கேட்கலாம். மிச்சத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

நட்சத்திர ஓட்டல் பார்களில் ஒரு கிளாஸுக்கே கணிசமாகப் போய்விடும். பட்ஜெட் போட்டு வருகிறவர்கள் தவிர்க்கலாம்.

ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் தேனி வழியாகக் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போய்வாருங்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர் திராட்சை அங்கே வருடம் முழுக்கக் காய்க்கும். மஸ்கட் ஹாம்பர்க் என்று உலகம் அறிந்த ரகம்தான் அது. ஒயினுக்கும் ஆகும், தோட்டத்தில் பறித்து அப்படியே தின்னவும் அருமை. அந்தப் பக்கமோ கொடைக்கானலிலோ வீட்டில் செய்த ஒயின் என்று விற்றால் வாங்காதீர்கள். உரிமம் இல்லாமல் தயாரித்து விற்பது குற்றம், உள்ளே என்ன இருக்கிறது என்பதற்கும் பொறுப்பு இல்லை.

பொங்கலுக்கு வருகிறவர்கள் நாள்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருவள்ளுவர் நாள், ஜனவரி 26, வள்ளலார் நினைவு நாள் மூன்றிலும் எலைட் உட்பட எல்லாக் கடையும் மூடியிருக்கும். தேர்தல் நேரம் என்றால் வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரமும் அப்படித்தான். முந்தின நாள் மத்தியானமே போய் வாங்கிவிடுங்கள், சாயங்காலம் கூட்டம் நெரியும்.