டி அண்ட் டி விதிநூல்: பழையதா, புதியதா?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகி மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டின் 2014 விதிநூல், பழைய பொருள்கள் கைமாறும் கேரோசல் தளத்தில் வந்திருக்கிறது, வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு இது. முதலில் யாரோடு விளையாடப் போகிறீர்கள் என்று பாருங்கள். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரிடம் எந்த ஆண்டு நூல் இருக்கிறதோ, அதையே வாங்குங்கள்.

2014 நூல், 2024இல் வந்த புதிய நூல் இரண்டுமே ஐந்தாம் பதிப்புதான். 20 முகப் பகடையை உருட்டும் அடிப்படை மாறவில்லை. ஆனால் நுணுக்கங்கள் மாறியிருக்கின்றன. முதல் நிலையில், காயம் ஆற்றும் 'கியூர் வூண்ட்ஸ்' மந்திரத்துக்குப் பழையதில் ஒரு எட்டுமுகப் பகடை, புதியதில் இரண்டு. பழைய விதிப்படி கிளெரிக் (பூசாரி வகைக் கதாபாத்திரம்) முதல் நிலையிலேயே தன் வகைக்குள் ஓர் உட்பிரிவைத் தேர்ந்தெடுப்பார். புதியதில் எல்லோருமே மூன்றாம் நிலை வரை பொறுக்க வேண்டும். ஒரே மேசையில் ஆளுக்கொரு நூல் இருந்தால் வாக்குவாதம் இங்கேதான் கிளம்பும்.

ஆடுவதற்கான கதைகளைத் தரும் சாகச நூல்களுக்கு இந்தக் கவலை வேண்டாம். 2014 காலத்துச் சாகசங்களைப் புதிய விதிகளோடு தாராளமாக ஆடலாம். அவற்றைச் செகண்ட்ஹேண்டில் வாங்குவதுதான் லாபம்.

புதிதாகக் குழு சேர்ப்பவர்களுக்கு என் பரிந்துரை 2024 நூல்தான். ஆட்டம் எப்படி நடக்கும் என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுகிறது. பின்னால் விதிச்சொற்களுக்கு அகரவரிசை விளக்கமும் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவே தேட இது எவ்வளவு உதவி தெரியுமா!

அவசரம் வேண்டாம். அடிப்படை விதிகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அடுக்குமாடி புளோக் கீழே கல்மேசையில் ஒருநாள் ஆடிப் பாருங்கள். அப்புறம் பழைய நூலே போதும் என்றால், எம்ஆர்டி ரயில் நிலையத்தில் கைமாறும்போது நடுப்பக்கத்தை விரித்து, தாள்கள் கழன்றிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள்.