ஆள் எடுத்தால் மட்டும் போதாது: மருத்துவப் பணியாளர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர் காந்தி ரோட்டில் லாட்ஜ் பெயர்ப்பலகைகள் வங்காள எழுத்திலும் இருக்கும். மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நாள்கணக்கில் ரயிலில் உட்கார்ந்து இங்கே வைத்தியத்துக்கு வருகிறார்கள். அதே மாவட்டத்தில், ஒடுகத்தூர் தாண்டி மலைமேல் இருக்கும் பீஞ்சமந்தைப் பக்கத்துக் குக்கிராமங்களில் ராத்திரி பிரசவ வலி வந்தால், கீழே எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் முதல் கவலை. அதனால் ‘டாக்டர் பத்தவில்லை, இன்னும் கல்லூரி திறங்கள்’ என்று மட்டும் சொல்லும்போது எனக்கு மனசு ஒப்புவதில்லை.

தலையை மட்டும் எண்ணுவதுதான் முதல் தவறு. 10,000 பேருக்கு டாக்டர், நர்ஸ், மருத்துவச்சி எல்லாம் சேர்த்து 44.5 பேர் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-இல் ஒரு அளவு சொன்னது. நல்ல அளவுதான். ஆனால் அது நாட்டின் சராசரி. அந்த 44 பேரும் டவுனிலேயே இருந்தாலும் கணக்கு சரியாகிவிடும். 2005-இல் வேலூர் பக்கத்து அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி வந்ததில் ஏழை ஜனங்களுக்குப் பெரிய நன்மை. ஆனால் கீழே சீட் கூடினால் மேலே ஆள் தானாக ஏறிவிடுவதில்லை. இதைவிட மோசமானது மாற்றுப் பணி. பதிவேட்டில் ஒருவர் பெயர் மலையில் இருக்கும், அவர் வேலை பார்ப்பது கீழே ஒரு மருத்துவமனையில். இடம் காலி என்று கணக்கில் வராததால் புது ஆளும் வரமாட்டார்.

டாக்டரை மட்டும் பார்ப்பது இன்னொரு தவறு. வேலூர் சிஎம்சி என்ற கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர், 1900-இல் ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் தொடங்கினார். நர்ஸ் பயிற்சிப் பள்ளி 1909-இல் வந்தது. பெண்களுக்கான மருத்துவப் பள்ளி 1918-இல்தான். இந்த வரிசையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் ராத்திரிப் பிரசவம் சகஜமானதும் அப்படித்தான்: மூன்று ஸ்டாஃப் நர்ஸ்களைப் போட்டு முறை வைத்து 24 மணி நேரமும் திறந்து வைத்தார்கள். டாக்டர் இருந்தும் லேப் டெக்னீஷியன் இல்லாவிட்டால் ஒரு ரத்தப் பரிசோதனைக்குக் கர்ப்பிணி அம்மா பஸ் ஏற வேண்டும், அன்றைய கூலியும் போச்சு.

அப்புறம், கிராம சுகாதார செவிலியர். சமவெளியில் 5,000 பேருக்கும் மலையில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தடுப்பூசி, கர்ப்பிணிகள், குடும்பநலம், வீடு வீடாகப் போவது எல்லாம் அவர் தலையில்தான். அதோடு நோட்டில் எழுதியதையே மறுபடி கணினியிலும் ஏற்றச் சொல்கிறோம். புதிதாக ஒரு திட்டம் வந்தால் ஒரு பதிவேடும் கூடவே வருகிறது, ஆனால் பழையதை யாரும் எடுப்பதில்லை. அவர் எழுதும் நேரமெல்லாம் ஒரு கர்ப்பிணியின் கையைப் பிடித்து நாடி பார்த்திருக்க வேண்டிய நேரம்.

இத்தனை வருஷம் கிராமத்தில் வேலை செய்வேன் என்று பாண்ட் எழுதி வாங்கினால் போதும் என்பதும் தவறான நம்பிக்கை. கட்டாயத்தில் போனவர் நாளை எண்ணிக்கொண்டுதான் இருப்பார். சிஎம்சியில் திருச்சபைகளின் ஸ்பான்சர் பெற்றுப் படிப்பவர்களும் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டு, தேவையுள்ள ஊர்களின் மிஷன் மருத்துவமனைகளில் வேலை செய்ய வேண்டும். அதுவும் ஒப்பந்தம்தான். ஆனால் கிராமத்தில் வேலை செய்வது எப்படி என்பதைப் படிக்கும்போதே பார்த்துவிடுகிறார்கள், வேலூர் பக்கத்துக் கே.வி.குப்பத்தில் 1977 முதல் நடக்கும் ரூசா என்ற சிஎம்சியின் கிராம சுகாதார மையம் அதற்கென்றே ஒரு களம். அந்தத் தயாரிப்பு இல்லாமல், பூட்டிக் கிடக்கும் குவார்ட்டர்ஸுக்கும் தண்ணீர் வராத குழாய்க்கும் 23 வயதுப் பெண்ணைத் தனியாக அனுப்பிவிட்டு, ‘இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சேவை மனப்பான்மை இல்லை’ என்று பேசுவது அநியாயம். பிள்ளைக்குப் பள்ளிக்கூடம், ராத்திரி போன் போட்டுக் கேட்க ஒரு மூத்த டாக்டர், இத்தனை வருஷம் மலையில் இருந்தால் மேற்படிப்பில் முன்னுரிமை: இவை இருந்தால் தங்குவார்கள். அந்த மலையிலேயே பிறந்த பிள்ளைகளை நர்சிங் படிக்க வைத்தால் இன்னும் உறுதி. சொந்த ஊர், தெரிந்த பேச்சு, வீட்டுச் சாப்பாடு.

பயிற்சி என்ற பெயரில் ஒரு நாள் வகுப்பு, டீ, கையெழுத்து என்று முடிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மறு மாதம் ஒருவர் நேரில் வந்து பக்கத்தில் நின்று கை திருத்தாவிட்டால் அது நிற்காது.

உங்கள் ஊர் சுகாதார நிலையத்தில் ஆள் இல்லை என்றால், அடுத்த கிராம சபையில் ‘டாக்டர் வேண்டும்’ என்பதோடு நிறுத்தாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறது, அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார், குவார்ட்டர்ஸ் சாவி யாரிடம் இருக்கிறது, அங்கே தண்ணீர் வருகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கேட்டதைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள்.