புலித் தடம் பார்க்கப் பழகுவோம்

உத்தராகண்டின் குமாவோன் மலையடிவாரத்தில் அந்தக் காலத்து ஷிகாரிகள் (வேட்டைக்காரர்கள்) புலியைத் தேடிக் கிளம்பினால், முதலில் ஓடைக்கரை மணலைத்தான் பார்ப்பார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்குத் தடை போட்டுவிட்டது. ஆனால் தடம் பார்க்கும் வித்தை இன்றும் வனக்காவலர்களிடம் உயிரோடு இருக்கிறது. அதை வீட்டிலிருந்தே தொடங்கலாம்.

1. பூனையிடம் பாடம்

அகலமான தட்டில் சலித்த மணலைப் பரப்பி, லேசாகத் தண்ணீர் தெளித்து, பூனை நடக்கும் வழியில் வையுங்கள். தெருநாய் நடந்த ஈரமண்ணையும் பக்கத்திலேயே தேடிப் பாருங்கள். நாயின் விரல் நுனியில் நகக்குறி விழும். பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால் அந்தக் குறி இருக்காது. உள்ளங்கால் மெத்தையின் பின்விளிம்பு மூன்று புடைப்பாகத் தெரியும். புலிக்கும் இதே அமைப்புதான். வழுக்கும் சேற்றிலோ ஓட்டத்திலோ புலியின் நகமும் பதியும் என்பதால், ஒற்றைத் தடத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

2. வெயில் சாய்ந்திருக்கும்போது பாருங்கள்

உச்சி வெயிலில் தடம் மறைந்துவிடும். காலையிலோ மாலையிலோ, உங்களுக்கும் சூரியனுக்கும் நடுவில் தடம் இருக்கும்படி நின்று, குனிந்து பாருங்கள். நிழல் விழுந்து பள்ளம் எடுப்பாகத் தெரியும்.

3. எந்தக் கால், யாருடையது

முன்கால் பெரிது, பின்கால் சிறிது. நிதானமாக நடக்கும் புலியின் பின்கால், முன்கால் பதிந்த இடத்திலோ அதை ஒட்டியோ விழும். பின்காலின் தடம் சதுரமாக இருந்தால் ஆண், சற்று நீண்டிருந்தால் பெண் என்பார்கள். சிறுத்தையின் தடம் பெரும்பாலும் 10 செ.மீ. அகலத்தைத் தாண்டாது.

ஆண், பெண் கணக்கை நான் அவ்வளவாக நம்புவதில்லை. ஒரே புலியின் கால் புழுதியில் ஒரு மாதிரியும் களிமண்ணில் வேறு மாதிரியும் பதியும். ஒடிசாவின் வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி வகுத்துக்கொடுத்த காலடித்தடக் கணக்கெடுப்பில், கண்ணாடித் தகட்டைத் தடத்தின்மேல் வைத்து வரைந்து எடுப்பார்கள். பல ஆண்டுகள் கைகொடுத்த அந்த முறையைக் கைவிட்டு, 2006 முதல் தானியங்கிக் கேமராவுக்கு மாறியதற்கு இந்த மண் குழப்பமும் ஒரு காரணம். அதனால் முதலில் மண்ணைப் பாருங்கள், தடம் அப்புறம்.

4. எப்போது போனது?

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. விளிம்பு கூராக நின்றால் புதுசு; காற்றுபட்டு மணல் உள்ளே சரிந்திருந்தால் பழசு. மரத்தடித் தடத்துக்குள் சின்னச் சின்னக் குழிகள் தெரிகிறதா? விடியலில் இலையிலிருந்து பனி சொட்டிய அடையாளம் அது. அப்படியென்றால் சொட்டுவதற்கு முன்பே புலி போய்விட்டது. சுற்றிலும் குழி இருந்து தடத்துக்குள் மட்டும் இல்லையென்றால், சொட்டி முடிந்த பிறகு நடந்திருக்கிறது. இரவில் திரியும் பூச்சிகள் தடத்தின் குறுக்கே கோடு போட்டிருந்தால் அது நேற்றைய நடை. மிதிபட்ட புல் இன்னும் நிமிர்ந்துகொண்டிருந்தால், புலி ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது.

5. எங்கே பார்ப்பது

புலிகள் காட்டுப் பாதைகளில் நடக்கும் பழக்கமுள்ளவை. சஃபாரியில் வழிகாட்டியிடம் சொல்லி, தடத்தருகே ஜீப்பை நிறுத்தச் சொல்லுங்கள். கீழே இறங்கக் கூடாது. காட்டோரத் தோட்டத்தில் புதுத் தடம் கண்டால் பின்தொடராமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். பெரிய தடத்தோடு சின்னத் தடங்களும் இருந்தால் குட்டிகளோடு தாய் வந்திருக்கிறது. படம்கூட எடுக்க நிற்காமல், வந்த வழியே திரும்பிவிடுங்கள்.