இன்ஜின் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

“அண்ணே, வண்டியில கடகடன்னு ஒரு சத்தம் வருது” என்று சொல்லிக்கொண்டு மெக்கானிக்கிடம் போகிறவர்கள்தான் வேலூரிலும் அதிகம். அவர் “எப்ப வருது?” என்று திருப்பிக் கேட்டால் பலரிடம் பதில் இருப்பதில்லை. சத்தத்தின் மூலத்தைத் தேடுவதில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன. எந்த நிலையில் சத்தம் வருகிறது, எந்த நிலையில் நின்றுபோகிறது என்று பார்ப்பதற்கு முன்பே அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுகிறோம். யாரோ ஒருவர் ‘டேப்பட் சத்தம்’ (வால்வைத் திறக்கும் உறுப்பு தட்டும் ஓசை) என்று சொல்ல, டேப்பட் வேலையும் முடிந்து, சத்தம் மட்டும் அப்படியே இருக்க, அடுத்து பெல்ட், அதற்கடுத்து டைனமோ (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் கருவி) என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் கரைகிறது.

குளிர்ந்த இன்ஜினில் வரும் சத்தத்தைச் சூடான இன்ஜினில் தேடுவது மிகப் பரவலான தவறு. குடியாத்தத்திலிருந்தோ ஆம்பூரிலிருந்தோ வண்டியை ஓட்டிக்கொண்டு வேலூர் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து சேர்வதற்குள் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்திருக்கும். காலையில் ஸ்டார்ட் செய்தபோது கேட்ட சத்தம் அங்கே கேட்காது. இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் இணைப்பில் உள்ள அடைப்புத் தகடான கேஸ்கெட் வழியாகப் புகை கசிந்தால், டேப்பட் தட்டுவதைப் போலவே ‘டிக் டிக்’ என்று கேட்கும். சில நிமிடங்களில் உலோகம் சூட்டில் விரிந்து அந்த இடுக்கை அடைத்துக்கொள்வதால் சத்தம் மங்கிவிடும். இன்ஜின் ஆறியபின் டார்ச் வெளிச்சத்தில் அந்த இணைப்பைப் பார்த்தால், கசிவு உள்ள இடத்தில் கரி படிந்த கறுப்புக் கோடு பெரும்பாலும் தெரியும். தேய்ந்த பிஸ்டன் சிலிண்டர் சுவரில் தட்டுவதும் இதே போலக் காலையில் கேட்டு, சூடு ஏறியதும் குறையும். இத்தகைய சத்தம் என்றால் முதல் நாள் மாலையே வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டு, மறுநாள் காலை மெக்கானிக்கையே முதல் ஸ்டார்ட் செய்யச் சொல்வதுதான் சரியான வழி. மார்கழிக் காலையில் தெளிவாகக் கேட்ட சத்தம் கத்திரி வெயில் காலத்தில் குறைந்து கேட்டால், குறை தானாகச் சரியாகிவிட்டது என்று நம்பக் கூடாது. நம் பக்கத்துக் கோடையில் இரவில்கூட இன்ஜின் மார்கழியில் குளிரும் அளவுக்குக் குளிர்வதில்லை. இதற்கு மாறாக, கிராங்கில் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டில்) உள்ள பிக் எண்ட் பேரிங் தேய்ந்திருந்தால், ஆயில் சூடாகி இளகிய பிறகுதான் தட்டும் ஓசை பெரும்பாலும் வலுக்கும்.

சத்தத்தின் தாளத்தைக் கவனிக்காமல் விடுவதும் தவறுதான். நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றும்போது வால்வுகளைத் திறக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுதான் சுற்றுகிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 சுற்று சுற்றினால், ஒரு வால்வு 400 முறைதான் திறந்து மூடும். அதாவது, அதன் டேப்பட் நொடிக்கு ஏறத்தாழ 7 முறை தட்டும். கிராங்கோடு சேர்ந்து வரும் தட்டல் அதைப்போல் இரு மடங்கு வேகமாகவும், கனத்த அடித்தொனியுடனும் இருக்கும். எண்ணிப் பார்க்க முடியாவிட்டாலும், இரண்டையும் பழகிய காது பிரித்தறிந்துவிடும்.

சத்தம் எங்கே உரக்கக் கேட்கிறதோ அங்கேதான் பழுது என்று முடிவுகட்டுவது அடுத்த தவறு. இரும்பும் அலுமினியமும் ஓசையை நெடுந்தூரம் கடத்தும் என்பதால், இன்ஜினின் ஒரு முனையில் பிறக்கும் தட்டல் மறு முனையில் உள்ள ஒரு மெல்லிய தகட்டில் இன்னும் உரக்கக் கேட்கலாம். மெக்கானிக்குகள் வைத்திருக்கும் ஸ்டெதஸ்கோப்பையோ நீண்ட ஸ்க்ரூடிரைவரையோ டைனமோ, வாட்டர் பம்ப், டேப்பட் கவர் என ஒவ்வொன்றின் மீதும் வைத்து, ஒன்றோடு ஒன்றை ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். அப்போது துப்பட்டா, தொங்கும் சட்டைக் கை, கழுத்துச் சங்கிலி எதுவும் பெல்ட்டின் அருகே வரக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன் பல கார்களில் இன்ஜினை நிறுத்திய பிறகும் திடீரென்று சுற்றும் என்பதையும் மறக்கக் கூடாது.

பெல்ட் கீச்சிடும்போது அதன்மேல் ஸ்ப்ரே அடித்து அடக்குவதை நான் முற்றிலும் எதிர்க்கிறேன், ஏனென்றால் அது தேடலுக்கு உதவும் ஒரே தடயத்தையும் அழித்துவிடுகிறது. அதற்குப் பதிலாக, இன்ஜின் ஓடும்போது சற்றுத் தள்ளி நின்று பெல்ட்டின் பள்ளங்கள் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் உடனே நின்று சிறிது நேரத்தில் திரும்பினால், ஏதோ ஒரு புல்லி (பெல்ட் ஓடும் சக்கரம்) நேர்க்கோட்டிலிருந்து விலகியிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் பட்டதும் சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்து வழுக்குகிறது. இரண்டுமே இல்லாமல் உறுமல் போன்ற ஓசை வந்தால், பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடத்துக்குள் மட்டும் இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். ஓசை மறைந்துவிட்டால் பெல்ட் சுற்றிவிடும் உறுப்புகளில் ஒன்றுதான் காரணம். இன்ஜினை நிறுத்திவிட்டு ஒவ்வொரு புல்லியையும் கையால் சுற்றினால், பேரிங் போன புல்லி விரலில் நறநறவென்று மணல் கலந்தது போன்ற சொரசொரப்பைக் காட்டும்.

பானெட்டின் பக்கமிருந்து வருவதெல்லாம் இன்ஜின் சத்தமாகாது. நின்ற இடத்தில் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது வராமல், ஓட்டும்போது மட்டும் வண்டியின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம் வீல் பேரிங்கிலிருந்தோ டயரிலிருந்தோ வரக்கூடும். தேசிய நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில் மேம்பாலச் சுவரை ஒட்டி, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகச் சென்றால், சுவரில் பட்டுத் திரும்பும் ஓசை எந்தப் பக்கத்தில் மிகுதி என்று காட்டிவிடும். இன்ஜினை அணைத்துவிட்டு வண்டியை உருள விட்டுப் பார்ப்பதை மட்டும் எவரும் செய்யக் கூடாது. ஸ்டியரிங்குக்கும் பிரேக்குக்கும் கிடைக்கும் உதவி போய்விடும். கிளட்சை மிதித்தால் வரும் சத்தம் கிளட்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங்கையும், மிதித்தால் நிற்கும் சத்தம் கியர் பாக்ஸையும் சுட்டும். ஏசி போட்டால் மட்டும் வருவது கம்ப்ரஸர் பக்கம். இன்ஜெக்டரின் மெல்லிய டிக்டிக் ஒலி இயல்பானது, அதைத் தேட வேண்டியதில்லை.

ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது மட்டும், தகர டப்பாவில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கியது போன்ற சத்தம் வந்தால், அதை டேப்பட் என்று நினைத்து இன்ஜினைத் திறக்கச் சொல்லிவிடாதீர்கள். உயர் கியரில் குறைந்த சுழற்சியில் இன்ஜினைத் திணறவிட்டால், சிலிண்டருக்குள் எரிபொருள் முறைதவறி எரிவதால் இந்த ஓசை எழும். முதலில் ஒரு கியர் குறைத்துப் பாருங்கள். அப்போதும் நீடித்தால் இன்ஜின் மிகையாகச் சூடாகிறதா, சிலிண்டருக்குள் கரி படிந்திருக்கிறதா, எரிபொருள் தரமானதா என்று பார்க்க வேண்டும். நீண்ட நாள் அலட்சியம் செய்தால் பிஸ்டனே சேதமடையலாம்.

எந்தத் தட்டல் சத்தத்துக்கும் முதலில் செய்ய வேண்டியது, வண்டியைச் சமதளத்தில் நிறுத்திச் சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைப் பார்ப்பது. பலர் இதைச் செய்யாமல், ‘கெட்டியான ஆயில் ஊற்றினால் அடங்கிவிடும்’ என்ற யோசனையைக் கேட்டு, 5டபிள்யூ-30 என்ற இளகிய ஆயில் கேட்கும் இன்ஜினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றுகிறார்கள். ஓசை கொஞ்சம் அமுங்கும். ஆனால் தேய்மானம் அப்படியே தொடரும், ஸ்டார்ட் செய்ததும் ஆயில் மேல்வரை ஏறுவதற்கும் தாமதமாகும். தட்டலோடு சிவப்பு ஆயில் விளக்கும் எரிந்தால், பள்ளிகொண்டா டோல்கேட் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்காமல் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். அங்கிருந்து வண்டியை டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

‘பேரிங் போய்விட்டது, இன்ஜினைப் பிரிக்க வேண்டும்’ என்று சொல்லப்பட்டால் உடனே ஒப்புக்கொள்ளாமல் மூன்று சோதனைகளைக் கேளுங்கள். ஆயில் பிரஷரை கேஜ் வைத்து அளக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு சிலிண்டராக இக்னிஷனையோ இன்ஜெக்டரையோ துண்டித்து, எதைத் துண்டிக்கும்போது தட்டல் குறைகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். வடித்த ஆயிலை வெள்ளைத் துணியில் ஊற்றி, பழைய ஃபில்டரையும் வெட்டித் திறந்து, உலோகத் துகள் மின்னுகிறதா என்று உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.