“எடிட்டர் கத்தரி போட்டிருக்கலாம்” என்று எழுதும் முன்: புதுப்பட விமர்சனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

“எடிட்டர் இன்னும் கொஞ்சம் கத்தரி போட்டிருக்கலாம்.” இந்த வரியை நானே நாற்பது படங்களுக்காவது எழுதியிருப்பேன். ஒருநாள் ஒரு எடிட்டர் போன் செய்தார். கோபமெல்லாம் இல்லை. “எந்த சீன்ல சார் போட்டிருக்கணும்?” என்று மட்டும் கேட்டார். இரண்டாம் பாதியில் வரும் பாட்டைச் சொன்னேன். “அதை ரெண்டு தடவை தூக்கினேன் சார். ரெண்டு தடவையும் திரும்பி வந்துடுச்சு. ஒரு தடவை ஹீரோ ஆபீஸ்லேர்ந்து, ஒரு தடவை ஆடியோ கம்பெனிலேர்ந்து.”

படத்தின் நீளத்தை முடிவு செய்பவர் பெரும்பாலும் எடிட்டர் இல்லை. இயக்குநர், தயாரிப்பாளர், சில படங்களில் நாயகன் என்று பல கைகள் அந்தக் கத்தரியைப் பிடித்திருக்கின்றன. உட்கார்ந்து பார்த்த நமக்குத் தெரிவது ஒன்றுதான்: எங்கே நெளிய ஆரம்பித்தோம் என்பது. அதை எழுதலாம். “நாயகன் ஊருக்குத் திரும்பியதும் வரும் மூன்று காட்சிகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன” என்று எழுதினால் வாசகருக்கும் உதவும், அந்த எடிட்டருக்கும் உதவும். ‘தொய்வு’ என்ற ஒற்றைச் சொல் இருவருக்குமே உதவாது.

இதே குடும்பத்தில் இன்னும் சில வரிகள் உண்டு. “ஒளிப்பதிவு கண்ணுக்குக் குளிர்ச்சி.” செம்மண் புழுதியில் எடுத்த படத்துக்கும் இதே குளிர்ச்சியை எழுதியவர்கள் இருக்கிறார்கள். “பின்னணி இசை படத்துக்குப் பலம்.” “மற்றவர்கள் தங்கள் பங்கை நிறைவாகச் செய்திருக்கிறார்கள்.” படம் பார்க்காமலே எழுதிவிடக்கூடிய வரி எதுவோ, அதை அடித்துவிடுங்கள்.

அடுத்தது, அரங்கத்தைப் படம் என்று நினைத்துக்கொள்வது. 2024 நவம்பர் 14-ல் ‘கங்குவா’ வெளியானபோது எங்கும் பேச்சு அதன் இரைச்சல்தான். ஒலி அளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தியேட்டர்காரர்களைக் கேட்டிருப்பதாகத் தயாரிப்பாளரே சொன்னார். சில நாளில் படத்தின் நீளத்திலும் 12 நிமிடம் குறைத்தார்கள். முதல் நாள் எழுதிய விமர்சனமும் அடுத்த வாரம் போனவர் பார்த்த படமும் ஒன்றல்ல. தியேட்டரில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் கருவியில் 7 என்ற இடத்தை வைத்துத்தான் ஒலிக்கலவை செய்வார்கள். ஆனால் பல தியேட்டர்களில் அதை 5-க்குக் கீழேகூட இறக்கி வைத்திருப்பார்கள். எனவே “காது கிழிகிறது”, “வசனம் புரியவில்லை” என்று எழுதுவதற்கு முன், அது படத்தின் குறையா, நீங்கள் உட்கார்ந்திருந்த அரங்கின் குறையா என்று பாருங்கள். சந்தேகமாக இருந்தால் வேறு அரங்கில் பார்த்தவரிடம் கேளுங்கள். எந்த அரங்கு, எத்தனை நிமிடப் பதிப்பு என்று ஒரு வரி சேர்ப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

கூட்டமும் அப்படித்தான். பெரிய நடிகர் படத்தின் 9 மணிக் காட்சியில் நாயகன் அறிமுகத்தின்போது வசனமே கேட்காது. விசில், காகிதம், கைபேசி வெளிச்சம். அப்படி ஒரு காட்சியைப் பார்த்துவிட்டு “திரையரங்கமே அதிர்கிறது” என்று எழுதினேன். திங்கட்கிழமை மதியம் மறுபடி போனேன். முப்பது பேர் இருந்திருப்பார்கள். அதே அறிமுகக் காட்சி வந்தபோது எனக்கு முன் வரிசையில் ஒருவர் டிபன் டப்பாவைத் திறந்தார். அதிர்ந்தது அரங்கம்தான், காட்சி இல்லை. தலைகீழாகவும் நடக்கும்: எதிர் ரசிகர் கூட்டத்தின் கிண்டலுக்கு நடுவில் நல்ல காட்சியும் செத்துவிடும். முடிந்தால் சாதாரண நாளில் இன்னொரு முறை பாருங்கள். முடியாவிட்டால், எந்தக் காட்சியில், எந்தக் கூட்டத்தோடு பார்த்தீர்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள்.

பிரஸ் ஷோவில் இருக்கும் ஆபத்து வேறு மாதிரி. படம் முடிந்து வெளியே வந்தால் வாசலில் இயக்குநர் நிற்பார். மூன்று வருட உழைப்பு முகத்தில் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு “எப்படி இருந்துச்சு சார்?” என்பார். அங்கே வாய் தவறி “பிரமாதம்” என்று சொல்லிவிட்டால், வீட்டுக்குப் போய் எழுதும்போது அந்தச் சொல் நம் கையைப் பிடிக்கும். “வாழ்த்துகள் சார்” என்று சொல்லிவிட்டு லிஃப்டை நோக்கி நடப்பது நல்லது. லிஃப்ட் வராவிட்டால் படிக்கட்டு.

கதையை முழுசாகச் சொல்வது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. டிரெய்லரில் இருக்கும் அளவுக்குச் சொன்னால் போதும். வசூல் கணக்கு வேண்டாம். அது வேறு துறை, அதிலும் முதல் நாள் எண்கள் யார் சொன்னவை என்றே தெரியாது.

மார்க் விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ஆனந்த விகடன் 1977-ல் ‘16 வயதினிலே’ படத்துக்குக் கொடுத்தது நூற்றுக்கு 62.5 மார்க். அதைச் சாதனையாக இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்த மார்க்குக்கு மரியாதை கிடைத்தது அதன் கஞ்சத்தனத்தால். இன்று ஐந்துக்கு இரண்டே முக்கால் என்று போடுகிறோமே, அது மார்க்கே இல்லை. யாரையும் பகைத்துக்கொள்ளாமல் நழுவும் வழி. மார்க் போட்டே ஆக வேண்டும் என்றால் ஒன்றும் போடுங்கள், நாலரையும் போடுங்கள்.

முதல் மூன்று நாள் விமர்சனமே கூடாது என்று 2024 டிசம்பரில் தயாரிப்பாளர்கள் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. அந்தக் கோரிக்கையில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர்களுக்கு அந்தக் கோபத்தைக் கொடுத்ததில் நம் பங்கும் இருக்கிறது. நடிகையின் எடையையும் நடிகரின் விக்கையும் கிண்டலடித்து அதை விமர்சனம் என்று சொன்னோம். இடைவேளையிலேயே போனைத் திறந்து “படம் காலி” என்று தீர்ப்பு எழுதினோம்.

கடைசியாக, ‘மொத்தத்தில்’ பத்தி. படத்தின் தலைப்பை வைத்து ஒரு சிலேடை: சூரியன் என்றால் சுடவில்லை, மழை என்றால் நனைக்கவில்லை. எழுதி முடித்ததும் அந்தப் பத்தியை நீக்கிப் பாருங்கள். என் பழைய விமர்சனங்களில் பத்துப் பதினைந்தை எடுத்து நானும் நீக்கிப் பார்த்தேன். பெரும்பாலானவற்றில் எதுவும் குறையவில்லை. இரண்டில் மட்டும், அந்தப் பத்தியைத் தவிர நான் வேறு எதுவுமே சொல்லியிருக்கவில்லை.